நெமோவின் நிலக்கரிக் கணக்கு

மதிப்பிற்குரிய எழுத்தாளருக்கு,

வணக்கம். நான் தேவகோட்டையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியன். பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்னின் 'கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்' என்ற நீர்மூழ்கிக் கதையைப் பள்ளி நாட்களில் சுருக்கத் தமிழில் படித்து, மன்னார் வளைகுடாவில் முத்துக் குளிப்பவனை நீர்மூழ்கியின் தலைவர் நெமோ சுறாவிடமிருந்து காப்பாற்றும் இடத்தில் நம் கடலும் கதைக்குள் வந்துவிட்டதே என்று பூரித்தவன். பொறியியல் படிக்கும் என் பேத்தியிடம் அண்மையில் அந்தப் புத்தகத்தைக் கொடுத்தேன். "நீர்மூழ்கியும் வந்தாயிற்று, நிலவுக்கும் போய்வந்தாயிற்று. நடந்து முடிந்ததை முன்பே சொன்னார் என்பதற்காக இதை ஏன் படிக்க வேண்டும், ஐயா?" என்று கேட்கிறாள். தண்ணீரே எரிபொருளாகும் என்று வெர்ன் எழுதியதை எடுத்துக் காட்டினேன், அதற்கும் சிரித்துவிட்டாள். அவளுக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்?

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பேத்தியின் கேள்வி நியாயமானது. நீங்கள் அவளுக்கு எடுத்துக் காட்டிய இடம்தான் பொருத்தமற்றது என்று நினைக்கிறேன்.

முன்பே சொன்னவர் என்ற பெருமையை வெர்னுக்குக் கொடுக்க நான் தயங்குவேன். அந்த நாவல் 1869, 1870 ஆண்டுகளில் வெளிவந்தது. பிரெஞ்சுக் கடற்படையோ 1863-லேயே அழுத்திய காற்றால் ஓடும் நீர்மூழ்கி ஒன்றை நீரில் இறக்கிவிட்டது. வெர்ன் செய்தது வேறு. தம் கப்பலான நாட்டிலஸை மின்சாரத்தால் ஓட்டினார்; அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதற்கும் கணக்குக் காட்டினார். அக்காலத்து மின்கல வகையான புன்சன் மின்கலத்தில் துத்தநாகம் இருக்க வேண்டிய இடத்தில் பாதரசத்தோடு கலந்த சோடியத்தை வைக்கிறார் நெமோ. பாதரசம் தீர்வதில்லை, சோடியம் மட்டுமே செலவாகிறது, அதைக் கடலின் உப்பு கொடுத்துவிடுகிறது என்கிறார். கேட்டுக்கொண்டிருக்கும் பேராசிரியர் அரோனாக்ஸ் இந்த இடத்தில் தலையசைத்துவிட்டுப் போகவில்லை. உப்பிலிருந்து சோடியத்தை மின்சாரத்தால் பிரித்தெடுத்தால், அது திருப்பித் தருவதைவிட அதிகமாக அல்லவா செலவாகும் என்று கேட்கிறார். அதனால்தான் அதற்கு மின்கலத்தைப் பயன்படுத்துவதில்லை, நிலக்கரியின் வெப்பத்தைப் பயன்படுத்துகிறேன் என்று நெமோ ஒளிக்காமல் பதில் சொல்கிறார்.

அந்த நிலக்கரியை வெர்ன் நம் கண்ணிலும் காட்டுகிறார். இரண்டாம் பாகத்தில், அணைந்துபோன எரிமலை ஒன்றின் வயிற்றுக்குள் நாட்டிலஸ் போய் ஒதுங்குகிறது. அங்கே கடலடிச் சுரங்கத்தில் நெமோவின் ஆட்கள் முக்குளிக்கும் உடையோடு இறங்கிக் கரி வெட்டுவது வழக்கம். சோடியம் எடுப்பதற்காக அதை எரிக்கும்போது புகை எரிமலையின் வாய் வழியே வெளியேறும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு மலை இன்னும் உயிரோடிருப்பதாகத் தோன்றும். கடலுக்கடியில் ஒரு பொட்டுப் புகையும் இல்லாமல் செல்லும் கப்பலின் புகை, வேறெங்கோ ஒரு மலையின் பேரில் பற்று எழுதப்படுகிறது.

பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போன குடும்பத்தில் பிறந்தவன் நான். எங்கள் ஐயாவின் பேரேடுகள் பல ஆண்டுகள் இரண்டாம் கட்டு அறையில் அடுக்கியிருந்தன. வரவையும் பற்றையும் ஒப்பிடும் ஐந்தொகை நேராகும்வரை அவர் உறங்கப் போனதில்லை என்று அப்பத்தா சொல்வார். அந்தப் பழக்கத்தில் வளர்ந்ததனாலோ என்னவோ, நெமோவின் வீரத்தைவிட இந்த அத்தியாயமே என்னைப் பிடித்து நிறுத்தியது.

நீங்கள் காட்டிய தண்ணீர்ப் பகுதி, சில ஆண்டுகள் கழித்து அவர் எழுதிய 'மர்மத் தீவு' நாவலில் வருவது. (நெமோ பண்டல்கண்ட் நாட்டு இளவரசர், திப்பு சுல்தானின் உறவினர் என்பதும் அந்த நூலில்தான் வெளியாகிறது.) நிலக்கரி தீர்ந்துவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு, மின்சாரத்தால் பிரிக்கப்பட்ட தண்ணீரே எரிபொருளாகும் என்கிறார் அதில் வரும் பொறியாளர். பிரிப்பதற்கான மின்சாரம் எங்கிருந்து வரும் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. தண்ணீரைப் பிரிக்கச் செலவான ஆற்றல், ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் மீண்டும் சேரும்போது முழுதாகத் திரும்புவதில்லை. இன்றும் உலகில் தயாராகும் ஹைட்ரஜனில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்துமே வருகிறது. உங்கள் பேத்தி சிரித்ததில் தவறே இல்லை. தீர்க்கதரிசனம் என்று ஊரெல்லாம் எடுத்துக்காட்டுவது அரோனாக்ஸ் இல்லாத இந்தப் பக்கத்தைத்தான் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

மின்சாரம் எங்கிருந்து வரும் என்ற இந்தக் கேள்வி காரைக்குடிப் பக்கத்தவர்களுக்கு அயலானதன்று. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அளிக்க, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகமான நம் சிக்ரி ஆராய்வதே மின்கலங்களையும், மின்சாரத்தால் பொருள்களைப் பிரிக்கும் மின்னாற்பகுப்பையும்தான். சோடியம் அயனி மின்கலங்கள் இப்போது சந்தைக்கு வரத் தொடங்கியிருக்கின்றன. நெமோவின் மின்கலத்தில் போலன்றி, இவற்றில் சோடிய உலோகம் கரைந்து தீர்வதில்லை. அயனிகள் இரு மின்முனைகளுக்கிடையே போய்வருகின்றன. ஆனாலும் ஒவ்வொரு முறை மின்னேற்றும்போதும் அரோனாக்ஸ் பக்கத்தில் நிற்கிறார். செக்காலை வீதியில் சத்தமில்லாமல் போகும் மின்சார ஸ்கூட்டருக்கு இரவில் மின்னேற்றும் நேரத்தில், 2016 முதல் இயங்கும் கமுதியின் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் ஓய்ந்திருக்கும்; காற்று குறைந்த மாதமாக இருந்தால் அனல் மின்நிலையங்களே பெரும்பங்கைச் சுமக்கும். ஸ்கூட்டர் வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெட்ரோல் இயந்திரம் எரிபொருளின் ஆற்றலில் பெரும்பகுதியை வெப்பமாகவே இழந்துவிடுவதால், கரியைப் பற்றில் எழுதிய பிறகும் மின்வண்டியின் ஐந்தொகை பெரும்பாலும் மேலாகவே நிற்கும். ஆனால் அதை எழுதிப் பார்த்த பின்பே சொல்ல வேண்டும். பேத்தியின் கைப்பேசியில் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவுக்கும், அதற்காக வேறெங்கோ மின்சாரத்தை உண்டு ஓடும் கணினிக் கூடங்களுக்கும் இதே ஏடு வேண்டும்.

நான் சிறுவயதில் படித்த சுருக்கத்தில் சுறா இருந்தது, சுரங்கம் இல்லை. உங்கள் பிரதியும் அப்படியானால் முழு நூலை வாங்கி, முதல் பாகத்தின் பன்னிரண்டாம் அத்தியாயத்தையும் இரண்டாம் பாகத்தின் பத்தாம் அத்தியாயத்தையும் மட்டும் முதலில் கொடுங்கள். பொறியியல் படிக்கிறவள், நெமோ சொல்லும் எண்களைத் தாளில் போட்டுப் பார்க்கட்டும். கணக்கு எங்கே உதைக்கிறது என்று கண்டுபிடித்தால், எனக்கும் எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்.