புகை எந்தப் பக்கம் போகும்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி (தலவாக்கலைப் பக்கத்து அம்மா ஒருத்தர்): எங்க லயம் (தோட்டத்து லைன் வீடு) மேட்டுல, ஸ்டோர் (தேயிலை ஃபெக்டரி) கீழ பள்ளத்துல. பகல்ல சிம்னி புகை நேரா மேல போயிடுது. விடியக்காலையில மூணு நாலு மணிக்கு எழும்பினா வீட்டுக்குள்ளயே புகை நாத்தம், பிள்ளைங்க இருமுதுங்க. சிம்னிய உயர்த்தினா சரியாயிருமா? இதெல்லாம் கம்ப்யூட்டர்லயே கணக்கு போட்டுப் பார்க்கலாம்னு மகன் சொல்றான், நெசமா?

பதில்: நெசந்தாங்க அக்கா. ஒரு சிம்னியில இருந்து மணிக்கு எவ்வளவு புகை வருது, எவ்வளவு சூடா வருது, காத்து எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்துல வீசுது, சுத்தி மலை எப்படி இருக்குன்னு குடுத்தா எந்த எடத்துல எவ்வளவு புகை எறங்கும்னு கணக்கு போட்டுக் குடுக்குற சொஃப்ட்வெயார் நெறைய இருக்கு. அதுல உலகம் பூரா அதிகமா ஓடுறது ஏர்மொட், அமெரிக்காவோட சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் ஈ.பி.ஏ. 2005 டிசம்பர்ல அதிகாரபூர்வமா ஏத்துக்கிட்டது.

ஆனா உங்க கேள்விக்கு பாதி பதில் கம்ப்யூட்டர் இல்லாமலே சொல்லிடலாம். பகல்ல வெயில் பட்டு நிலம் சூடாகி காத்து மேலயும் கீழயும் பொரளும், புகையும் அதோட சேர்ந்து கலைஞ்சிரும். ராத்திரி மானம் தெளிவா இருந்தா நிலம் சீக்கிரமா குளிர்ந்து, கிட்ட உள்ள காத்தும் குளிர்ந்து கனத்து சரிவுல வழிஞ்சு பள்ளத்துல தேங்கும், அதுக்கு மேல சூடான காத்து நிக்கும். இதத்தான் இன்வெர்ஷன்னு சொல்றது. அந்த நேரத்துல புகை மேல போக வழியில்ல, ஒரு மட்டத்துக்கு ஏறி அப்படியே படுத்துக்கிட்டு பக்கவாட்டுல நகரும், எதிர்ல அதே உயரத்துல மேடு இருந்தா நேரா அதுல போய் மோதும். உங்க லயம் அந்த உயரத்துல இருக்குன்னு நெனைக்கிறேன். நுவரெலியாவுல ஜனவரி பெப்ரவரியில கொழுந்தெல்லாம் உறைபனியில கருகுற ராத்திரி இருக்கே, அந்த மாதிரி ராத்திரியிலதான் இது மோசமா இருக்கும்.

அதோட ஸ்டோர் வேலை நடக்குற நேரத்தையும் பாருங்க. பகல்ல பறிச்ச கொழுந்த ராத்திரி பூரா வாட்டி, விடியமுன்ன ரோலர்ல போட்டு, பொறவு ட்ரையர்ல காய வைக்கிறாங்க. அதாவது வெறகடுப்பு நல்லா எரியுற நேரமும் காத்து செத்துக் கெடக்குற நேரமும் ஒண்ணா வந்து நிக்குது. சமதரையில பகல்ல ஓடுற ஃபெக்டரிக்கு இந்தப் பிரச்சினை இவ்வளவு வராது.

சிம்னி உயரத்துக்கு ஒரு கணக்கு இருக்கு. பக்கத்துக் கட்டடத்தோட உயரம், அதோட கட்டடத்து உயரம், அகலம் ரெண்டுல எது சின்னதோ அதுல ஒண்ணரை மடங்கு, ரெண்டையும் கூட்டணும். பழைய ஸ்டோர் எல்லாம் மாடி மாடியா கொழுந்து வாட்டுற தட்டோட ஒசரமா இருக்கும்ல, 14 மீட்டர் ஒசரம், அகலம் அதுக்கும் கூடன்னு வச்சா 14ம் 21ம் சேர்ந்து 35 மீட்டர் வேணும். அதுக்கு கொறஞ்சா காத்து கட்டடத்த தாண்டி சுழன்று எறங்கும்போது புகையையும் கீழ இழுத்துக்கிட்டு வந்துரும். ஆக உயர்த்தினா ஸ்டோர் பக்கத்துல உள்ளவங்களுக்கு நல்லது, உங்க மேட்டுக்கு அது மட்டும் போதாது, சில சமயம் உயர்த்தின சிம்னி புகைய உங்க வாசலுக்கு இன்னும் நேராவே கொண்டு வந்து விடும். நனைஞ்ச வெறகு எரிக்கிறத நிறுத்துறதும் புகைய பிடிக்கிற மெஷின் போடுறதும்தான் உங்களுக்கு மெய்யா உதவுறது.

எந்த திகதி, எத்தன மணிக்கு புகை வந்துச்சு, மானம் தெளிவா மூடலா, காத்து இருந்துச்சா இல்லையான்னு ஒரு கொப்பியில எழுதிக்கிட்டே வாங்க. மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கு எழுதும்போது அந்தக் கொப்பிய சேர்த்து வைங்க, நாளைக்கு யாராவது கம்ப்யூட்டர்ல கணக்கு (மொடல்) போட்டாலும் அந்தக் கணக்கு சரியா தப்பான்னு பார்க்க அது ஒண்ணுதான் கையில இருக்கும்.

கேள்வி (ஹாலி-எலயில இருந்து ஒரு தங்கச்சி): சூழலியல் டிகிரி முடிச்சிட்டேன். கொழும்புல ஒரு எடத்துல ஏர் பொலூஷன் மொடலிங் மூணு நாள் கோர்ஸ், செர்டிபிகேட்டும் தர்றாங்களாம், ஃபீஸ் கேட்டா தலை சுத்துது. வீட்ல நகைய அடகு வச்சாவது போன்னு சொல்றாங்க. போகலாமா?

பதில்: நகைய வைக்க வேணாம் தங்கச்சி, அத மட்டும் முதல்ல சொல்லிடுறேன்.

மூணு நாள் கோர்ஸ்ல பெரும்பாலும் நடக்குறது இதுதான்: காசு குடுத்து வாங்குற பெரிய சொஃப்ட்வெயார் ஒண்ண தொறந்து, அவங்க ஏற்கனவே ரெடி பண்ணி வச்ச ஃபைல்கள ஏத்தி, இந்த பட்டன அமுக்கு அந்த பட்டன அமுக்குன்னு சொல்லி, கடைசியில கலர் கலரா ஒரு மெப் வரும், எல்லாரும் ஃபோட்டோ எடுத்துக்குவாங்க. வீட்டுக்கு வந்தா அந்த சொஃப்ட்வெயார் லைசன்ஸ் உங்ககிட்ட இருக்காது. ஆனா அதுக்குள்ள ஓடுற எஞ்சின் அதே ஏர்மொட்தான், அது ஈ.பி.ஏ. வெப்சைட்ல இலவசம், ஃபோர்ட்ரன்ல எழுதின சோர்ஸ் கோட், கையேடு, பழகிப் பார்க்க மாதிரி ஃபைல் எல்லாமே சேர்ந்து இலவசம். சாதாரண லெப்டொப்பே போதும்.

பாக்க கொஞ்சம் பயமாத்தான் இருக்கும், ஏன்னா ஜன்னல் பட்டன் ஒண்ணும் இல்ல, ஒரு டெக்ஸ்ட் ஃபைல்தான். அதுல அஞ்சு பகுதி: என்ன கணக்கு போடணும், புகை எங்கருந்து வருது, எந்தெந்த எடத்துல அளவு வேணும், வெதர் ஃபைல் எது, விடை எப்படி வேணும். இந்த அஞ்சையும் கையாலயே எழுதப் பழகினவங்களுக்கு எந்த சொஃப்ட்வெயார குடுத்தாலும் ரெண்டு நாள்ல பிடிபட்டுரும், பட்டன் மட்டும் பழகினவங்களுக்கு எரர் வந்தா கையும் ஓடாது காலும் ஓடாது.

ஏர்மொட்டுக்கு முன்னாடி ரெண்டு வேலை இருக்கு. மலையோட உயரத்த எடுத்துக் குடுக்குறது ஏர்மெப், அதுக்கு நாசா 2000 பெப்ரவரியில விண்கலத்துல இருந்து அளந்த எஸ்.ஆர்.டி.எம். உயரத் தரவு 30 மீட்டருக்கு ஒரு புள்ளின்னு சும்மாவே கெடைக்குது. வெதர தயார் பண்றது ஏர்மெட், கஷ்டம் பூரா இங்கதான். மணிக்கு மணி காத்து, வெப்பநிலை, மேகம் எல்லாம் வேணும், அதோட பலூன் விட்டு அளந்த மேல்காத்துத் தரவும் வேணும், அது கெடைக்கலன்னா டபிள்யூ.ஆர்.எஃப். மாதிரி வெதர் மொடல்ல இருந்து எம்.எம்.ஐ.எஃப்.னு ஒரு ப்ரோக்ராம் வழியா எடுக்கலாம். பொறவு நிலத்தோட குணம்: வெயில எவ்வளவு திருப்பி அனுப்புது, எவ்வளவு ஈரம், எவ்வளவு கரடுமுரடு. அமெரிக்காவுல இதுக்கு ஏர்சர்ஃபேஸ்னு தனி ப்ரோக்ராம் இருக்கு, அது அந்த நாட்டு நில வரைபடத்த மட்டும்தான் வாசிக்கும். தேயிலை மலைக்கும், சவுக்கு, யூகலிப்டஸ் தோப்புக்கும், பதுளை டவுனுக்கும் என்ன எண் போடணும்னு நீங்களே யோசிச்சு எடுத்து, ஏன் எடுத்தேன்னு எழுதியும் வைக்கணும். கோர்ஸ் நடத்துறவர்கிட்ட ஃபீஸ் கட்டமுன்ன இந்த ஒரு கேள்வியக் கேளுங்க: "சேர், தேயிலைக் காணிக்கு கரடுமுரடு எண் என்ன போடுவீங்க, எப்படி தீர்மானிச்சீங்க?" தெளிவா பதில் சொன்னாருன்னா நல்ல வாத்தியார், காசு இருந்தா போங்க. "அது சொஃப்ட்வெயாரே எடுத்துக்கும்"னு சொன்னாருன்னா வந்த பஸ்லயே திரும்பிடுங்க.

நானா இருந்தா இப்படி செய்வேன்: உங்க ஊர்ல ஒரு ஸ்டோர எடுத்துக்கிட்டு ஒரு நாளைக்கு எவ்வளவு வெறகு எரியுதுன்னு கேட்டு, எத எரிச்சா எவ்வளவு புகை வரும்னு சொல்ற ஈ.பி.ஏ.வோட ஏ.பி.-42 தொகுப்புல வெறகுக்கு உள்ள பகுதிய வச்சு செக்கனுக்கு எத்தன கிராம் தூசின்னு கணக்கு போட்டு, மூணு தடவ ஓட்டுவேன். முதல்ல மலையே இல்லாத சமதரைன்னு வச்சு, ரெண்டாவது மலையோட, மூணாவது மலையோட விடியக்காலை நேரத்துல மட்டும் அடுப்பு எரியுதுன்னு வச்சு. மணிக்கு மணி புகை அளவ மாத்துற வசதி ஏர்மொட்லயே இருக்கு. மூணு விடையும் எவ்வளவு வித்தியாசப்படுது, ஏன்னு ரெண்டு பக்கம் எழுதுங்க. இன்டர்வியூவுல செர்டிபிகேட்ட விட அந்த ரெண்டு பக்கம் பேசும். காத்து எந்தப் பக்கம் எவ்வளவு நேரம் வீசுதுன்னு படம் போட ஆர் (R)ங்கிற ப்ரோக்ராம் மொழியில ஓப்பன்ஏர்னு ஒரு பெக்கேஜ் இருக்கு, அதுவும் இலவசம், பழகிக்குங்க.

வேலை நெறையக் கெடக்குதுன்னு சொல்ல மாட்டேன். இது ஒண்ண மட்டும் நம்பாம மெப் வேலை, சத்தம் அளக்குறது, தண்ணி பரிசோதனையும் சேர்த்து வச்சிக்குங்க.

கேள்வி (கண்டி வாசகர்): எங்க வீட்டுக்கு கிட்ட ஒரு ஃபெக்டரி வரப்போகுது. அவங்க ரிப்போர்ட்ல மொடல் போட்டு எல்லாம் ஸ்டாண்டர்டுக்குள்ளதான் இருக்குன்னு பச்சைக் கலர்ல காட்டியிருக்காங்க. வெதர் டேட்டா கட்டுநாயக்காவில இருந்து எடுத்ததுன்னு சின்ன எழுத்துல இருக்கு. பரவாயில்லையா?

பதில்: அந்த சின்ன எழுத்த வாசிச்சீங்களே, அதுக்கே உங்களுக்கு ஒரு டீ வாங்கித் தரணும். பரவாயில்லைன்னு சொல்ல முடியாதுங்க. கட்டுநாயக்கா கடலோரம், கடல்காத்து பகல்ல உள்ள வரும் ராத்திரி வெளிய போவும். கண்டி கிட்டத்தட்ட 500 மீட்டர் உயரத்துல சுத்தி மலை உள்ள கிண்ணம், ஹந்தானை மலைப் பக்கம் மறிச்சிருது, காத்து அடிக்கிற திசையும் வேகமும் வேற. காத்து வேகம் பாதியானா அதே புகைக்கு அளவு ஏறக்குறைய ரெண்டு மடங்கு, அதனால வெளியூர் காத்த போட்டா விடையும் வெளியூர் விடைதான். வளிமண்டலவியல் திணைக்களத்துக்கு கண்டிக்குப் பக்கத்துல கட்டுகஸ்தோட்டையிலயே நிலையம் இருக்கு, நுவரெலியா, பதுளை, பண்டாரவளையிலயும் இருக்கு. ஏன் அத எடுக்கலன்னு எழுத்துல கேளுங்க.

இன்னொண்ணு, இது ரிப்போர்ட் எழுதுறவங்க பெருசா பேசாத விசயம். காத்து அசையவே இல்லன்னு பதிவான மணித்தியாலங்கள ஏர்மொட் கணக்குல எடுக்காது, அந்த மணிக்கு அளவ பூச்சியம்னு வச்சிரும், ஏன்னா திசை இல்லாம புகைய எந்தப் பக்கம் அனுப்புறதுன்னு அதுக்கு தெரியாது. 24 மணி சராசரி எடுக்கும்போது காத்து இருந்த மணிகள கூட்டி, அத்தன மணி, 18 ரெண்டுல எது பெரிசோ அதால வகுக்கும். ராத்திரி 10 மணித்தியாலம் காத்தே இல்லன்னா மிச்ச 14 மணிய கூட்டி 18ஆல வகுத்து விடை சொல்லும். புகை அதிகமா தேங்குற அந்த 10 மணியும் கணக்குலயே இல்ல. அதோட ஒவ்வொரு மணியையும் புதுசாத்தான் பார்க்கும், போன மணியில பள்ளத்துல தேங்கி நின்ன புகை இந்த மணிக்கு அதுக்கு ஞாபகம் இருக்காது. சமவெளியில இது பெரிய குறை இல்ல, நம்ம மலையில பெரிய குறை. கால்பஃப் மாதிரி மொடல் புகைய சின்னச் சின்ன பொதியா விட்டு மணிக்கு மணி பின்தொடரும், தேங்குறதும் திரும்புறதும் அதுல தெரியும். ஈ.பி.ஏ. 2017ல அத தான் முதல்ல பரிந்துரைக்கிற மொடல் பட்டியல்ல இருந்து எடுத்தாலும் காத்து சிக்கலா உள்ள எடத்துக்கு காரணம் காட்டி பாவிக்கலாம். வேலை அதிகம், செலவும் அதிகம், அதனாலயே யாரும் விரும்பி தொட மாட்டாங்க.

ஆக நீங்க கேட்க வேண்டியது: வருசத்துல எத்தன மணித்தியாலம் காத்து இல்லன்னு ஒதுக்கினாங்க, அதுல ராத்திரி எத்தன? பச்சைக் கலர் எந்த அளவுக்கு கீழன்னும் பாருங்க. நம்ம நாட்டு 2008 தரநிலையில பி.எம். 2.5ங்கிற ரொம்ப நுண்ணிய தூசிக்கு 24 மணி சராசரி கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம், வருச சராசரி 25. உலக சுகாதார அமைப்பு 2021ல சொன்னது 15ம் 5ம். ஏற்கனவே கண்டி காத்துல உள்ள பஸ், வேன் புகைய கூட்டாம ஃபெக்டரியோட பங்க மட்டும் காட்டி ஸ்டாண்டர்டுக்குள்ள இருக்குன்னு சொல்றதும் உண்டு, அந்தப் பக்கத்தையும் தேடிப் பாருங்க.

கேள்வி (பண்டாரவளை, ஏ/எல் மாணவர்): போன் ஆப்ல காத்துத் தரம் எண் வருதே, அதுவும் மொடல்தானா?

பதில்: சிலது மொடல், சிலது பக்கத்துல உள்ள சென்சர், சிலது ரெண்டும் கலந்தது தம்பி. ஆப்ல நிலையம் எங்க இருக்குன்னு தட்டிப் பாருங்க. கொழும்பு சென்சர காட்டி பண்டாரவளைன்னு பேர் போட்டா அது உங்க காத்து இல்ல. மலிவான சென்சர் மூடுபனியில தண்ணித் துளியையும் தூசின்னு எண்ணிக்கும், அதனால மிஸ்ட் எறங்குற நேரத்துல எண் திடீர்னு ஏறினா உடனே பயந்துர வேணாம்.

கேள்வி (ஹட்டன் வாசகர்): 2022 டிசம்பர்ல நாடு பூரா புகைமூட்டமாகி பள்ளிக்கூடமே மூடினாங்களே. அது இந்தியாவுல இருந்து வந்துச்சுன்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

பதில்: டிசம்பர் 9ம் திகதிதான் பள்ளிக்கூடம் மூடினது, மாண்டஸ் புயல் வங்கக்கடல்ல இருந்த நேரம். இதுக்கு ஏர்மொட் ஆகாது, அது 50 கிலோமீட்டருக்குள்ள பார்க்குறது. அமெரிக்காவோட வானிலை, கடல் ஆய்வு நிறுவனம் நோவா குடுக்குற ஹைஸ்பிளிட்னு ஒரு ப்ரோக்ராம் இருக்கு, ப்ரௌசர்லயே ஓடும், காசு இல்ல. ஹட்டன குறிச்சு, திகதி போட்டு, 72 மணித்தியாலம் பின்னுக்குப் போன்னு சொன்னா காத்து எந்த வழியா வந்துச்சுன்னு கோடு போட்டுக் காட்டும். 500, 1000, 1500 மீட்டர்னு மூணு உயரம் குடுத்துப் பாருங்க, மூணு கோடும் ஒரே பக்கம் போனா நம்பலாம், பிரிஞ்சு போனா கொஞ்சம் யோசிக்கணும். கோடு ஒரு ஊர் மேல போச்சுன்னா அந்த ஊர் புகைதான்னு அர்த்தம் இல்ல, காத்து அந்த வழியா வந்துச்சுன்னு மட்டுந்தான். அதுல போடுற வெதர் டேட்டாவோட கட்டம் ஒண்ணு சுமார் 28 கிலோமீட்டர் அகலம், அதுக்குள்ள ஹட்டனும் மஸ்கெலியாவும் ஒண்ணா அடங்கிரும், சிவனொளிபாத மலைய எல்லாம் அது தேய்ச்சு தட்டையாக்கித்தான் பார்க்கும்.

கேள்வி (மஸ்கெலியா, தோட்டத்து ஆரம்ப பள்ளி டீச்சர்): ஸ்டோர் புகையப் பத்தி இவ்வளவு பேசுறோம், லயத்து அடுப்புப் புகைக்கு இந்த மொடல் போட முடியுமா?

பதில்: முடியாதுங்க டீச்சர். இதெல்லாம் வெளிக்காத்துக்கு உள்ளது, சுவருக்குள்ள அடைபட்ட புகைக்கு இல்ல. பத்துக்குப் பத்து அறையில, கூரையில ஓட்டை கூட இல்லாம பச்சை வெறக வச்சு ஊதுற அம்மா சுவாசிக்கிறத, எத்தனையோ மீட்டர் தள்ளி இருக்குற சிம்னியோட ஒப்பிடவே முடியாது, இது பெரும்பாலும் அதிகமாத்தான் இருக்கும். அத தெரிஞ்சுக்க மொடல் வேணாம், ஒரு சின்ன தூசி அளக்குற சென்சர அடுப்புக்கு பக்கத்துல சமைக்கிற நேரம் பூரா வச்சு, பொறவு வாசல்ல வச்சு எண்ண ஒப்பிட்டா போதும், அஞ்சாம் ஆண்டு பிள்ளைங்களே செய்வாங்க. புகைபோக்கி வச்ச அடுப்பு உள்ள வீட்லயும் இல்லாத வீட்லயும் வச்சு பிள்ளைங்கள எழுதச் சொல்லுங்க, அந்தத் தாள எங்களுக்கு அனுப்பினீங்கன்னா அடுத்த இதழ்ல போடுறோம், வீட்டுக்காரங்க பேர் மட்டும் வேணாம்.