அமெரிக்காவில் அடிமை முறை ஒழியத் தொடங்கியது எப்படி? விடுதலைப் பிரகடனம் என்றால் என்ன?

விடுதலைப் பிரகடனம் என்பது 1863 ஜனவரி 1 அன்று அதிபர் லிங்கன் கையெழுத்திட்ட போர்க்கால ஆணை. நாட்டிலிருந்து பிரிந்துபோய் வடக்கு மாநிலங்களோடு சண்டையிட்ட தென் மாநிலங்களில் உள்ள அடிமைகள் இனி சுதந்திர மனிதர்கள் என்றது அது.

ஆனால் கதை அதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. 1861 மே மாதம், வர்ஜீனியாவில் தெற்குப் படைக்குப் பீரங்கி மேடை கட்ட அனுப்பப்பட்ட மூன்று அடிமைகள், இரவோடு இரவாகச் சிறு படகில் தப்பி, வடக்கின் கையிலிருந்த மன்ரோ கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். மறுநாளே உரிமையாளரின் ஆள் வெள்ளைக் கொடியோடு வந்து அவர்களைத் திருப்பிக் கேட்டார். கோட்டையின் தளபதி பட்லர் தொழிலில் வக்கீல், சும்மா விடுவாரா? “தனி நாடு என்கிறீர்கள், பிறகு தப்பிய அடிமையைத் திருப்பித் தரச் சொல்லும் எங்கள் சட்டம் உங்களுக்கு எதற்கு?” என்ற பாணியில் மடக்கி, போரில் கைப்பற்றிய எதிரியின் உடைமை என்று சொல்லி வைத்துக்கொண்டார். மனிதரை உடைமை என்று சொல்லியே காப்பாற்ற வேண்டியிருந்தது! செய்தி பரவ, ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தார்கள்.

கயிறு இழுக்கும் போட்டியில் எதிரணி ஆள் ஒருவர் நம் பக்கம் வந்தால் அங்கே ஒன்று குறையும், இங்கே ஒன்று கூடும் அல்லவா? வடக்கு போட்ட கணக்கும் அதுதான்.

1862 ஏப்ரலில் தலைநகர் வாஷிங்டனில் அடிமை முறை ஒழிந்தது. இழப்பீடு கிடைத்தது உரிமையாளர்களுக்கு.

லிங்கனின் ஒரே கையெழுத்தில் எல்லோரும் விடுதலையானதாகப் பலர் நினைக்கிறார்கள். ஆனால் வடக்கோடு நின்ற கென்டக்கி, டெலவேர் மாநிலங்களின் அடிமைகளுக்கு அந்த ஆணை பொருந்தவே இல்லை, அவர்களில் பலர் 1865 டிசம்பரில் நாடு முழுக்க அடிமை முறையை ஒழித்த 13-வது அரசியல் சட்டத் திருத்தம் வரும்வரை காத்திருந்தார்கள்.