ஐ5-2400 கணினிக்கு அந்த 8 ஜிபி ராம் வேண்டாம்

எச்61 மதர்போர்டும் இன்டெல் ஐ5-2400 ப்ராசசரும் உள்ள கணினியில் இருக்கும் 4 ஜிபியோடு, கடைக்காரர் மலிவாகத் தரும் 8 ஜிபி பழைய ராமையும் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் எழுதிய லேபிளில், ராமின் வகையையும் வேகத்தையும் சொல்லும் பிசி3-10600-க்குப் பின்னால் 'ஆர்' இருக்கிறதே, அது சர்வர் ராம். ஸ்லாட்டில் கச்சிதமாக உட்காரும், ஆனால் கணினி கிளம்பவே கிளம்பாது. 'யு' என்று முடிவதைக் கேளுங்கள்.

'ஏஎம்டிக்கு மட்டும்' என்று விற்பதையும் தொடாதீர்கள். அதன் சிப் அமைப்பை உங்கள் இன்டெல் ஏற்காது. குறைந்த மின்னழுத்த வகையான 1.35 வோல்ட் டிடிஆர்3எல் ராம் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம், 1.5 வோல்ட்டிலும் ஓடும். 1600 வேக ராமும் சரிதான், உங்கள் கணினியில் 1333 வேகத்துக்குக் குறைந்து ஓடும்.

சரியான வகை ராம் என்றால் 4 ஜிபியும் 8 ஜிபியும் சேர்ந்து வேலை செய்யும். ஆனால் பணம் கொடுக்கும் முன், ஓடாவிட்டால் மாற்றித் தருவதாகக் கடைக்காரரிடம் சம்மதம் வாங்கிவிடுங்கள். அப்புறம் வீட்டில், ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருள் இரவு முழுக்க ஓடட்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் திருப்பிக் கொடுங்கள். ஒரு பிழைதானே என்று நான் ஒருமுறை விட்டதில், காப்பி செய்த குடும்பப் படங்கள் பல திறக்கவே இல்லை.

போட்டதும் திரை வரவில்லையா? பதற வேண்டாம். ராமைக் கழற்றி, தங்க நிற முனைகளை அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்துவிட்டு மறுபடி அழுத்திப் போடுங்கள்.