பிரீ-எக்லாம்ப்சியா அபாயம் 1:70 என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. ரத்த அழுத்தம் இயல்பாக இருக்கும்போது இதை நம்பலாமா?

கர்ப்பத்தின் பன்னிரண்டாவது வாரத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பிரீ-எக்லாம்ப்சியா என்பது கர்ப்பகாலத்தில் ரத்த அழுத்தம் ஏறி, உறுப்புகளையும் பாதிக்கக்கூடிய நோய். நான் மகப்பேறு மருத்துவர் அல்ல; ஆய்வகத்தில் இத்தகைய ரிப்போர்ட்டுகளைச் சரிபார்த்துக் கையெழுத்திடும் உயிர்வேதியியலாளர்.

நம்பலாம், ஆனால் சரியாகப் படிக்க வேண்டும். உங்களைப் போன்ற 70 பேரில் ஒருவருக்கு இந்நோய் முற்றி, 37 வாரத்துக்கு முன்பே பிரசவம் பார்க்க நேரிடலாம் என்பதே அந்த எண்ணின் பொருள். நோய் வந்துவிட்டது என்று அது சொல்லவில்லை.

ரத்த அழுத்தம் ஏறுவது பெரும்பாலும் 20 வாரத்துக்குப் பிறகுதான். கோளாறோ அதற்கு வெகு முன்பே நஞ்சுக்கொடியில் தொடங்கிவிடுகிறது. கருப்பையின் சிறு தமனிகள் போதிய அளவு விரிந்துகொடுக்காவிட்டால், நஞ்சுக்கொடி சுரக்கும் பிஎல்ஜிஎஃப் என்ற புரதம் 11 முதல் 13 வாரத்துக்குள்ளேயே குறைந்து காணப்படும். அதைத்தான் அளக்கிறோம். கர்ப்பத்தின் தொடக்கத்தில் வழக்கமாக எடுக்கும் டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனையில் இது இருக்காது. அதில் அளக்கும் பாப்-ஏ, பீட்டா எச்சிஜி என்ற இரண்டும் முக்கியமாக டவுன் சிண்ட்ரோமுக்கானவை. உங்கள் ரிப்போர்ட்டில் பிஎல்ஜிஎஃப் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ரத்தம் மட்டும் பேசினால் அரைகுறைதான். தாயின் விவரங்கள், ரத்த அழுத்தம், கருப்பைத் தமனியின் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன், பிஎல்ஜிஎஃப் எல்லாம் சேர்ந்தால், 37 வாரத்துக்கு முன் வரும் நோயில் நான்கில் மூன்று பங்கை முன்கூட்டியே பிடிக்கலாம். அதற்கு விலையாக, நோய் வரப்போகாத பெண்களில் பத்தில் ஒருவரையும் வீணாகப் பயமுறுத்துவோம். கடைசி வாரங்களில் வரும் நோயைப் பிடிப்பதில் இந்தச் சோதனை அவ்வளவு கெட்டியில்லை.

எனக்கு எரிச்சல் தருவது ரத்தத்தோடு வரும் படிவம். எடைக் கட்டத்தில் 60, 65, 70 என்று முழு எண்களாகவே இருக்கும். ரத்த அழுத்தக் கட்டத்தில் யாரைப் பார்த்தாலும் 120/80. புரத அளவை வாரம், எடை, நீரிழிவு, செயற்கைக் கருத்தரிப்பு ஆகியவற்றுக்கு ஏற்பத் திருத்தித்தான் மென்பொருள் கணக்கிடுகிறது. ரத்த அழுத்தமும் சற்று நேரம் உட்கார வைத்து, இரு கைகளிலும் இரண்டிரண்டு முறை எடுத்த சராசரியாக இருக்க வேண்டும். நடந்துவந்த மூச்சோடு எடுத்த ஓர் எண் போதாது.

எஸ்-ஃபிளிட் 1 என்ற, நஞ்சுக்கொடி சுரக்கும் இன்னொரு புரதத்துக்கும் பிஎல்ஜிஎஃபுக்கும் உள்ள விகிதம் பற்றியும் இணையத்தில் படித்திருப்பீர்கள். எஸ்-ஃபிளிட் 1 இந்நோயில் மிகுவதைக் காட்டிய 2003ஆம் ஆண்டு ஆய்வை பாஸ்டனில் வழிநடத்திய அனந்த் கருமாஞ்சி, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கர்ப்பத்தின் பிற்பாதியில் நோய்ச் சந்தேகம் எழும்போது, அந்த விகிதம் 38 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அடுத்த ஒரு வாரத்துக்குப் பெரும்பாலும் கவலையில்லை. இப்போது அதற்குப் பணம் செலவழிக்காதீர்கள்.

இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். 2017இல் வெளியான ஆஸ்ப்ரே ஆய்வில், உங்களுடைய 1:70 போல, 1:100ஐத் தாண்டிய அபாயமுள்ள பெண்களுக்குத் தினமும் இரவில் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் 36 வாரம் வரை தரப்பட்டது. 37 வாரத்துக்கு முன் வரும் நோய் 4.3 சதவீதத்திலிருந்து 1.6 ஆகக் குறைந்தது. 16 வாரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். ஆனால் வயிற்றுப்புண், ஆஸ்துமா, ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். நீங்களாக மருந்துக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

போகும்போது படிவத்தின் நகலையும் ஆய்வகத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எடையோ வாரமோ தவறாக இருந்தால், சரியான விவரத்தைக் கொடுங்கள். ரத்தம் மறுபடி எடுக்காமலே, அதே அளவை வைத்துத் திரும்பக் கணக்கிட்டுத் தர முடியும்.