கற்பனைக் கப்பலின் எடை

அன்புள்ள ஐயா,

வணக்கம். இரண்டு ஆண்டுகளாக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். அட்லாண்டிக் கரையில், ஸ்பானிய மொழி பேசும் ஒரு சின்ன முடியரசு. நாடு முழுக்கக் கற்பனை. 1908-இல் அந்த நாடு மூன்று பெரும் போர்க்கப்பல்களைக் கட்டத் தொடங்குகிறது. பீரங்கி வீரர்களின் காவல் புனிதையின் நினைவாக 'சாந்தா பார்பரா வகுப்பு' என்று பெயர் வைத்திருக்கிறேன். எடை 20,000 டன். 14 அங்குலக் குழல்வாய் கொண்ட பீரங்கிகள் பன்னிரண்டு. பக்கவாட்டில் 12 அங்குலக் கவசம். வேகம் மணிக்கு 26 நாட்.

கற்பனைக் கப்பல் வரைபவர்கள் பயன்படுத்தும் ஸ்பிரிங்ஷார்ப் மென்பொருளில் இந்த எண்களை இட்டுப் பார்த்தேன். கப்பலின் உடல் தாங்காது என்கிறது. எடையை 35,000 டன்னாக ஏற்றினால் ஒப்புக்கொள்கிறது. அப்படியே ஏற்றிவிடலாமா? கதைதானே, இவ்வளவு கணக்கு தேவையா என்றும் ஒரு சலிப்பு வருகிறது. முதல் மூன்று அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மூன்று அத்தியாயங்களையும் ஒரே மூச்சில் படித்தேன். மீன் சந்தையும் அந்த மூத்த அட்மிரலின் வீட்டுச் சமையலறையும் கண்முன் நிற்கின்றன. கப்பல் மட்டும் நிற்கவில்லை. அது வரும் பக்கங்களில் எல்லாம் எண்கள்தாம் வருகின்றன, கப்பலைக் காணோம்.

முதலில் ஒரு சில்லறைத் திருத்தம். 'மணிக்கு 26 நாட்' என்று எழுதாதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு கடல் மைல் என்பதுதான் ஒரு நாட். 'மணிக்கு' அதற்குள்ளேயே இருக்கிறது. அதே போல, கப்பலின் 'முன்பகுதி' என்று பதினாறு இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். நம் கடற்கரையில் 'அணியம்' என்ற நல்ல சொல் இருக்கிறது. இரண்டு மூன்று இடங்களிலாவது அதைப் போடுங்கள், வாசகனுக்குப் புரிந்துவிடும்.

இனி உங்கள் சலிப்புக்கு வருகிறேன். கற்பனைக் கப்பலுக்குக் கணக்கு தேவையா? அந்தக் காலத்தின் மிகப் புகழ்பெற்ற போர்க்கப்பலே முதலில் காகிதத்தில்தான் மிதந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? விட்டோரியோ குனிபெர்ட்டி என்ற இத்தாலியக் கடற்படைப் பொறியாளர் ஒரே அளவிலான பெரிய பீரங்கிகளை மட்டும் சுமக்கும் ஒரு கப்பலை முன்மொழிந்தார். இத்தாலியக் கடற்படை அது நமக்குத் தாங்காது என்று ஒதுக்கிவிட்டது. 1903-இல் ஃபிரெட் ஜேனின் போர்க்கப்பல் ஆண்டு மலரில் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். பிரிட்டிஷ் கடற்படைக்கு ஏற்ற இலட்சியக் கப்பல் என்பது அதன் பொருள். 17,000 டன், 12 அங்குலப் பீரங்கிகள் பன்னிரண்டு, 12 அங்குலக் கவசம், 24 நாட். யாரும் கட்டாத கப்பல் அது. உங்கள் சாந்தா பார்பராவைப் போலவே.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1906-இல், அதே எண்ணத்தில் பிரிட்டன் கட்டிய ட்ரெட்நாட் என்ற போர்க்கப்பல் நிஜமாகவே கடலில் இறங்கியது. இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ட்ரெட்நாட்டின் எடை 17,900 டன். பீரங்கிகள் பத்து. கவசம் 11 அங்குலம். வேகம் 21 நாட். காகிதக் கப்பலைவிட எடை கூடியிருக்கிறது, மற்றது எல்லாம் குறைந்திருக்கிறது. உலகின் மிகப் பெரிய கடற்படை, கைவசம் பார்சன்ஸ் டர்பைன் என்ற புது நீராவி இயந்திரம், பணத்துக்குப் பஞ்சமில்லை. அப்படியும் குனிபெர்ட்டி கேட்டதைக் கொடுக்க முடியவில்லை. உங்கள் சின்ன முடியரசு இரண்டே ஆண்டுகளில் அதைவிட 2,100 டன் மட்டும் கூடுதலாக வைத்துக்கொண்டு, பெரிய பீரங்கி, தடித்த கவசம், 5 நாட் கூடுதல் வேகம் என்று எல்லாவற்றையும் வாங்கிவிட்டது. இந்தக் கடை எங்கே இருக்கிறது என்று எல்லாக் கடற்படைகளும் வந்து கேட்கும்.

ட்ரெட்நாட்டின் எடை எங்கே போயிற்று? ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெறும் உடலுக்கு. கால் பங்குக்கு மேல் கவசத்துக்கு. ஆறில் ஒரு பங்கைவிடச் சற்றுக் கூடுதலாகப் பீரங்கிகளுக்கு. இயந்திரத்துக்கு 2,000 டன் சொச்சம். மீதி கரியும் மற்ற சாமான்களும். சம்பளக் கவரைப் பிரித்து வாடகை, பால், பள்ளிக் கட்டணம் என்று எடுத்து வைப்பது போலத்தான். ஒன்றுக்குக் கூட்டினால் இன்னொன்றில் கை வைக்க வேண்டும்.

இதில் மிக மோசமான கடன்காரன் வேகம். வேகத்தைக் கூட்டக் கூட்ட, தேவைப்படும் குதிரைத்திறன் ஏறத்தாழ அதன் மும்மடிக் கணக்கில் ஏறும். 21 நாட் வேகத்திலிருந்து 26 நாட் வேகத்துக்குப் போவது காகிதத்தில் கால் பங்கு உயர்வுதான். கொதிகலன் அறையிலோ அது ஏறத்தாழ இரண்டு மடங்கு. 1911-இல் கட்டத் தொடங்கிய இரண்டு கப்பல்களைப் பாருங்கள். அமெரிக்காவின் நியூயார்க், ஜப்பானுக்காக பிரிட்டனில் கட்டப்பட்ட கொங்கோ. இரண்டும் சுமார் 27,000 டன், இரண்டிலும் 14 அங்குலப் பீரங்கி. நியூயார்க்குக்குப் பத்துப் பீரங்கி, 12 அங்குலக் கவசம், 28,000 குதிரைத்திறன், 21 நாட். கொங்கோவுக்கு எட்டுப் பீரங்கி, 8 அங்குலக் கவசம், 64,000 குதிரைத்திறன், 27.5 நாட். நீங்கள் நியூயார்க்கின் கவசத்தையும் கொங்கோவின் வேகத்தையும் எடுத்து, இரண்டையும்விட அதிகப் பீரங்கிகளை ஏற்றி, அவற்றைவிடச் சின்ன உடலில் அடைத்திருக்கிறீர்கள். மென்பொருள் கத்தாமல் என்ன செய்யும்?

14 அங்குலத்தையும் விட்டுவிடுங்கள். 1908-இல் அந்தத் தலைமுறைப் பெருங்கப்பல்கள் 12 அங்குலத்தைத் தாண்டவில்லை. 12 அங்குலக் குண்டு ஒன்று சுமார் 385 கிலோ, 14 அங்குலக் குண்டு சுமார் 635 கிலோ. அதைத் தூக்கும் லிஃப்ட், சுழற்றும் மேடை, தாங்கும் வளையம் எல்லாமே அந்த விகிதத்தில் பருக்கும். பீரங்கியைச் சொந்தமாக வார்க்க முடியாத நாட்டுக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. ஜப்பான் 1905-இல், ட்ரெட்நாட்டுக்கும் முன்பே, சட்சுமாவைப் பன்னிரண்டு 12 அங்குலப் பீரங்கிகளோடு கட்டத் திட்டமிட்டது. பணமும் பீரங்கியும் போதவில்லை. கடைசியில் நான்கு 12 அங்குலமும் பன்னிரண்டு 10 அங்குலமுமாகக் கட்டி முடித்தார்கள். சரித்திரத்தில் முதலாவதாக வந்திருக்க வேண்டிய கப்பல் அது. இப்போது அடிக்குறிப்பில் கிடக்கிறது.

சரி, 35,000 டன்னாக ஏற்றிவிடலாமா? இதற்குத்தான் இந்த நீண்ட கடிதமே.

மென்பொருளுக்குத் தெரிவது கப்பல் மிதக்குமா, உடையுமா என்பது மட்டும்தான். அந்தக் கப்பலை எந்த உலர்துறையில் ஏற்றுவார்கள் என்று அது கேட்காது. உலர்துறை என்றால் கப்பலை உள்ளே விட்டு, மதகை அடைத்து, தண்ணீரை இறைத்துவிட்டு, அடிவயிற்றில் ஒட்டிய பாசியையும் சிப்பியையும் சுரண்டுகிற இடம். அதற்குள் நுழையாத கப்பலை ஒவ்வொரு முறையும் அயல்நாட்டுத் துறைக்கு ஓட்டிப்போய்க் கெஞ்ச வேண்டும். உங்கள் இரண்டாம் அத்தியாயத்தில் துறைமுகத்தை அவ்வளவு அழகாக வர்ணித்திருக்கிறீர்கள், உலர்துறை எத்தனை அடி நீளம் என்று மட்டும் சொல்லவில்லை. அந்த ஒரே எண் தெரிந்தால் கப்பலின் பாதி தானாக வரையப்பட்டுவிடும்.

நிஜத்தில் இது ஸ்பெயினுக்கு நடந்தது. 1898-இல் அமெரிக்காவிடம் மணிலாவிலும் கியூபாவின் சாந்தியாகோவிலும் கப்பல்களை இழந்து, பத்து ஆண்டுகள் கழித்து, 1908-இல் புதுக் கடற்படைக்குச் சட்டம் இயற்றினார்கள். உங்கள் கதையின் அதே ஆண்டு, அதே மொழி. மூன்று கப்பல்கள்: எஸ்பான்யா, அல்ஃபோன்சோ பதின்மூன்று, ஹைமே ஒன்று. கையிலிருந்த உலர்துறைகளும் காலிக் கஜானாவும் சேர்ந்துதான் அளவெடுத்தன. எடை 15,700 டன் சுமார், நீளம் 140 மீட்டர். ட்ரெட்நாட்டைவிட 20 மீட்டர் குட்டை. உலகில் கட்டப்பட்ட ட்ரெட்நாட் வகைக் கப்பல்களிலேயே சிறியவை இவைதாம். அந்தக் குட்டை உடலில் 12 அங்குலப் பீரங்கிகள் எட்டு, சுழலும் கவசக் கோபுரத்துக்கு இரண்டாக. அணியத்தில் ஒரு கோபுரம், பின்னால் ஒரு கோபுரம், நடுவில் இரண்டு. நடுக்கோபுரங்களை நேருக்கு நேர் வைக்காமல் ஒன்றை வலப்பக்கம் முன்னே தள்ளியும் மற்றதை இடப்பக்கம் பின்னே தள்ளியும் வைத்தார்கள், மேல்தளத்துக்குக் குறுக்கே எதிர்ப்பக்கமும் சுட வேண்டும் என்பதற்காக. எட்டும் ஒரே பக்கம் பேச வேண்டுமே! அந்தப் பேராசைக்கு விலை கவசம்: 8 அங்குலம்தான். வேகம் 19.5 நாட்.

எனக்கு இந்தக் கப்பல்கள்மேல் ஒரு தனிப் பிரியம். தம்பியின் பள்ளிச் சட்டையை மாட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போன அண்ணனைப் போல, எல்லா இடத்திலும் இறுக்கம். மூன்றாவதான ஹைமேக்குத் தேவையான பொருள்கள் பிரிட்டனிலிருந்து வரவேண்டியிருந்தன. 1914-இல் போர் மூண்டது, வரத்து நின்றது. கப்பல் முடிந்தது 1921-இல். அதற்குள் மற்ற நாடுகள் 15, 16 அங்குலப் பீரங்கிகளுக்குப் போய்விட்டிருந்தன. பிறந்த அன்றே கிழவன். இதை விடச் சோகமான, வேடிக்கையான ஒரு கதாபாத்திரம் உங்கள் நாவலுக்குக் கிடைக்குமா? நீங்களோ 35,000 டன் பயில்வானைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள்.

அமைச்சரவை ஒரே குரலில் நிதி ஒதுக்கும் காட்சியும் இடிக்கிறது. ஆஸ்திரிய-ஹங்கேரியில் நான்கு கப்பல்களுக்குப் பணம் கேட்டபோது, ஒன்றையாவது எங்கள் பகுதியில் கட்டினால்தான் கையெழுத்து என்றது ஹங்கேரி. அப்படித்தான் நான்கில் ஒன்றான செண்ட் இஷ்ட்வான், ஹங்கேரியின் கையிலிருந்த ஃபியூமே துறைமுகத்தில் கட்டப்பட்டது, அவ்வளவு பெரிய கப்பல் கட்டிப் பழக்கமே இல்லாத ஒரு தளத்தில். உங்கள் அமைச்சர்களில் ஒருவருக்காவது சொந்த ஊரில் இரும்பாலை வைத்துக்கொடுங்கள்.

பெரிய நாடுகளும் தப்பவில்லை. ட்ரெட்நாட்டின் முன்கொடிமரம் முதல் புகைபோக்கிக்குப் பின்னால் இருந்தது. குண்டு எங்கே விழுகிறது என்று பார்த்துச் சொல்லும் ஆட்கள் அதன் உச்சியில் உட்கார்ந்திருப்பார்கள். கப்பல் வேகமெடுத்தால் கரும்புகையும் அனலும் நேராக அவர்கள் முகத்தில். ஏன் அங்கே வைத்தார்கள்? படகுகளை ஏற்றி இறக்கும் பாரந்தூக்கிக்கு அந்த மரம் வாகாகத் தாங்கல் கொடுத்தது. பத்துப் பீரங்கிகளின் கண்ணைப் படகு தூக்கும் வசதிக்காகக் குருடாக்கினார்கள். அடுத்த வகுப்புக் கப்பல்களில் திருத்தினார்கள். பிறகு 1909-இல் தொடங்கிய கொலோசஸ், ஹெர்குலிஸ், ஒரையன் கப்பல்களில் மறுபடியும் அதே இடம்! அலுவலகத்தில் வேலை பார்த்த எவருக்கும் இது புரியும்.

இன்னொன்று. ட்ரெட்நாட்டின் 11 அங்குலக் கவசப் பட்டையின் மேல் விளிம்பு, சாதாரணச் சுமையில் நீர்மட்டத்துக்கு இரண்டடி மேலே இருந்தது. கரியும் குண்டும் முழுக்க நிறைத்தால் அது நீருக்குள் போய்விடும். தண்ணீருக்கு மேல் மிஞ்சுவது மெல்லிய கவசம்தான். நெடுந்தூரம் போகக் கரி வேண்டும், கரி ஏற்றினால் கவசம் மூழ்கும். உங்கள் ஐந்தாம் அத்தியாயத்தில் சண்டை வரப்போகிறது என்று குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். கரியேற்றிய மறுநாளே அந்தச் சண்டையை வையுங்கள். கரியேற்றும் நாளையும் விடாதீர்கள். மாலுமிகள் சாக்கில் அள்ள, அதிகாரிகளும் கை கொடுக்க, கப்பலின் இசைக்குழு உற்சாகத்துக்கு வாசித்துக்கொண்டிருக்கும். இரவு சாப்பிடும்போது பல்லில் கரி நறநறக்கும்.

ஆகவே என் யோசனை: 16,000 டன், 12 அங்குலப் பீரங்கிகள் எட்டு, வேகம் 20 நாட்-ஐத் தாண்ட வேண்டாம். கவசத்தை எவ்வளவு மெலிதாக்குவது என்பதில் உங்கள் மூத்த அட்மிரலும் கட்டுமானப் பொறியாளரும் மோதிக்கொள்ளட்டும். அந்தச் சமையலறையிலேயே மோதட்டும்.

கடைசியாகப் பெயர். சாந்தா பார்பரா பீரங்கி வீரர்களின் காவல் புனிதை என்பது சரி. ஆனால் ஸ்பானிய மொழியில் கப்பலின் வெடிமருந்து அறைக்கே சாந்தாபார்பரா என்றுதான் பெயர். மன்னர் தன் நாட்டின் பெருமைக்குரிய கப்பலுக்கு 'மருந்துக் கிடங்கு' என்று பெயர் சூட்டியதாக மாலுமிகள் காதில் விழும். நிஜ ஹைமே 1937-இல் கார்த்தஹேனா துறைமுகத்தில் உள்ளே வெடித்துத்தான் அழிந்தது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். பெயரை மாற்ற வேண்டாம். சூட்டும் விழாவில் பின்வரிசையில் நிற்கும் ஒரு கரி தள்ளுபவன் சிரிப்பை அடக்கிக்கொள்ளட்டும்.

அதே விழாவில், மகாராணி புட்டியை உடைத்ததும் பன்னிரண்டு பீரங்கிகளும் வெயிலில் மின்ன, கப்பல் சறுக்கிக்கொண்டு நீரில் இறங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த நாளில் பீரங்கிகள் கப்பலில் இருக்காது. வெறும் உடல்தான் இறங்கும். கோபுரங்கள் இருக்க வேண்டிய இடங்களில் வட்ட வட்டமாகப் பெரிய பள்ளங்கள் இருக்கும், மழை வராமல் பலகை போட்டு மூடியிருப்பார்கள்.