பேப்பர் உள்ள குட்டி, பேப்பர் இல்லாத குட்டி: நாய் வம்சப் பதிவேடுகள் குறித்த கேள்வி பதில்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் நாய் வளர்ப்போரும் குட்டி எடுப்போரும் அனுப்பியிருந்த கேள்விகளில், வம்சப் பதிவேடுகளைப் பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். தீவனம், தடுப்பூசி பற்றிக் கேட்டவர்களுக்குத் தனியாக எழுதுகிறேன்.

கேள்வி (காட்பாடி, லேப்ரடார் குட்டி வாங்க இருப்பவர்): ஐயா, இரண்டு இடங்களில் குட்டி பார்த்தேன். ஒருவர் கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் சான்றிதழ் தருவதாகச் சொல்கிறார். மற்றவர் வேறொரு சங்கத்தின் சான்றிதழ் தருகிறார், விலையும் பாதிதான். இரண்டிலும் மூன்று தலைமுறைப் பெயர்கள் அச்சாகியிருக்கின்றன. எதை நம்புவது?

பதில்: எத்தனை பெயர்கள் அச்சாகியிருக்கின்றன என்பதைவிட, அந்தப் பெயர்கள் அந்தக் காகிதத்துக்கு எப்படி வந்து சேர்ந்தன என்பதைத்தான் நீங்கள் விசாரிக்க வேண்டும். உலகத்தில் எந்தப் பதிவேட்டு அதிகாரியும் நாய்கள் இணை சேரும் இடத்தில் நின்று பார்ப்பதில்லை. வளர்ப்பவர், இந்தப் பெட்டைக்கு இந்த ஆண் நாயை இந்தத் தேதியில் சேர்த்தேன், இத்தனை குட்டிகள் பிறந்தன என்று கையெழுத்திட்டுத் தரும் வாக்குமூலமே எல்லாவற்றுக்கும் அடிப்படை. அந்த வாக்குமூலத்தைச் சரிபார்க்க ஒரு பதிவேடு என்ன செய்கிறது, பொய் என்று தெரிந்தால் என்ன செய்கிறது என்ற இரண்டு கேள்விகளில்தான் ஒரு பதிவேடு இன்னொன்றிலிருந்து வேறுபடுகிறது.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியா (கே.சி.ஐ.), பெல்ஜியத்தில் இயங்கும் எஃப்.சி.ஐ. (தொடக்கம் 1911) என்ற, நாய்ச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்புடன் இணைந்தது. அதில் குட்டிகளை ஓர் ஈத்தாகச் சேர்த்து, வளர்ப்பவரே பதிய வேண்டும். தாய், தந்தை இருவரின் பதிவெண்களும் வேண்டும். தோலுக்கடியில் பொருத்தும் மைக்ரோசிப்பின் எண் வேண்டும். குட்டி விற்கப்பட்ட பிறகு, வாங்கியவர் பெயருக்கு உரிமை மாற்றம் செய்யப்பட வேண்டும். ஒவ்வொரு படியிலும் முந்தைய படியோடு ஒத்துப் பார்க்க ஓர் எண் இருப்பதால், பொய் சொல்பவர் பல இடங்களில் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்காக அந்தச் சான்றிதழ் வைத்திருப்பவர் அனைவரும் உண்மையானவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பெட்டை உண்மையாகவே ஈன்றது நான்கு குட்டிகள் என்றால் எட்டு என்று எழுதி, மீதிச் சான்றிதழ்களை வெளிக் குட்டிகளோடு சேர்த்து விற்கும் வழக்கம் நம் தொழிலில் இருக்கிறது. இதை மூடி மறைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

இரண்டாவது சங்கத்தைப் பற்றி எனக்கு நேரடியாகத் தெரியாமல் தீர்ப்புச் சொல்வது முறையாகாது. நீங்களே அவர்களுக்குத் தொலைபேசியில் பேசி, தாய் தந்தை இருவரும் ஏற்கெனவே உங்கள் ஏட்டில் இருந்தால்தான் குட்டியைப் பதிவீர்களா, அல்லது புகைப்படமும் பணமும் அனுப்பினால் போதுமா என்று கேளுங்கள். புகைப்படம் போதும் என்று பதில் வந்தால் அந்த மூன்று தலைமுறைப் பெயர்களுக்கும் எந்த ஆதாரமும் இல்லை. கடைசியாக எப்போது ஒரு விண்ணப்பத்தை நிராகரித்தீர்கள் என்றும் கேளுங்கள். யாரையும் எப்போதும் நிராகரிக்காத ஓர் ஏடு வெறும் ரசீதுப் புத்தகம்.

கேள்வி (அதே நண்பர்): கே.சி.ஐ. சான்றிதழ் இருந்தால் குட்டி ஆரோக்கியமானது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவாகியிருந்தால் நிலம் யாருடையது என்பது தெரியும். கிணற்றில் தண்ணீர் ஊறுமா என்பது தெரியாது. 1884இல் தொடங்கிய அமெரிக்கன் கென்னல் கிளப்பே, தன் பதிவு தரத்துக்கோ ஆரோக்கியத்துக்கோ உத்தரவாதம் ஆகாது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. லேப்ரடார் என்றால் இடுப்பு மூட்டு, முழங்கை மூட்டு இரண்டுக்கும் தாய் தந்தையரின் எக்ஸ்ரே படங்களைக் கேளுங்கள். தர மறுப்பவரிடம் சான்றிதழ் எவ்வளவு அழகாக இருந்தாலும் குட்டி எடுக்காதீர்கள்.

கேள்வி (ஆம்பூர், ஜெர்மன் ஷெப்பர்ட் வளர்ப்பவர்): அண்ணா, எங்கள் ஊரில் ஜெர்மனிப் பேப்பர் உள்ள நாயின் குட்டி என்றால் தனி மதிப்பு. அங்குள்ள பதிவேடு நம்முடையதைவிட எந்த வகையில் உயர்ந்தது?

பதில்: ஜெர்மன் ஷெப்பர்டுக்கென்று 1899இல் மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் தொடங்கிய எஸ்.வி. என்ற சங்கம், வம்சத்தைப் பதிவதோடு நிற்காமல் இனப்பெருக்கத்துக்கே நிபந்தனை வைக்கிறது. இடுப்பு எக்ஸ்ரே எடுத்து மதிப்பிடப்பட வேண்டும்; உடலமைப்பையும் குணத்தையும் நேரில் பார்த்து ஆராய்கிறார்கள்; மோப்பம், கீழ்ப்படிதல், காவல் ஆகியவற்றில் தேர்வு இருக்கிறது. தாய், தந்தை இருவரும் இவற்றையெல்லாம் முடித்திருந்தால் குட்டிக்கு இளஞ்சிவப்பு நிறச் சான்றிதழ் கிடைக்கும். ஆகவே அந்த நாட்டுக் காகிதம், இன்னாருடைய பிள்ளை என்பதோடு, பெற்றோர் என்ன செய்யக்கூடியவர்கள் என்பதையும் சொல்கிறது. நம் நாட்டில் பொதுவாக வம்சப் பதிவு தனி, கண்காட்சித் தீர்ப்பு தனி, உடல்நலப் பரிசோதனை வளர்ப்பவரின் மனசாட்சிப்படி.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பாட்டன் ஜெர்மனியில் தேர்வு பெற்றவர் என்பது, இங்கே எக்ஸ்ரே எடுக்கப்படாத இரண்டு தலைமுறைகளுக்குப் பிறகு பிறந்த குட்டியைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்கிறது. அந்தப் பெயருக்காக நீங்கள் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

கேள்வி (குடியாத்தம்): எங்கள் டாபர்மேன் பார்ப்பவர்கள் எல்லாரும் அசல் என்கிறார்கள். ஆனால் பேப்பர் இல்லை. பிறகு வாங்க முடியுமா?

பதில்: பெற்றோர் பதிவில் இல்லையென்றால் வம்சச் சான்றிதழை யாராலும் உருவாக்கித் தர முடியாது, தருவதாகச் சொல்பவர் வேறொரு நாயின் காகிதத்தைத் தருகிறார் என்று பொருள். எஃப்.சி.ஐ. முறையில், வம்சம் தெரியாத ஆனால் இனத்துக்குரிய தோற்றம் கொண்ட நாயைத் துணைப் பதிவேட்டில் சேர்க்க வழி உண்டு. மூன்று முழுத் தலைமுறைகள் பதிவான பிறகே அதன் வாரிசுகள் முதன்மை ஏட்டுக்கு வரும். நாய் நல்ல துணையாக இருந்தால் காகிதம் இல்லாததால் அதற்கு எந்தக் குறையும் வந்துவிடாது. குட்டி எடுத்து விற்கும் எண்ணம் மட்டும் வேண்டாம்.

கேள்வி (ராணிப்பேட்டை): மகன் வெளிநாட்டில் இருக்கிறான். இங்கிருந்து நாயை அனுப்பினால் நம் சான்றிதழ் அங்கே செல்லுமா?

பதில்: அமெரிக்கன் கென்னல் கிளப்பும், 1873இல் தொடங்கிய பிரிட்டன் கென்னல் கிளப்பும் எஃப்.சி.ஐ.யின் உறுப்பினர்கள் அல்ல என்றாலும், அதனோடு பரஸ்பர ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. ஒவ்வொரு பதிவேடும் தான் ஏற்கும் அயல்நாட்டுப் பதிவேடுகளின் பட்டியலைத் தனியாக வைத்திருப்பதால், மகன் இருக்கும் நாட்டின் பட்டியலை முதலில் பாருங்கள். இங்கே ஏற்றுமதிக்கான வம்சச் சான்றிதழைத் தனியே விண்ணப்பித்துப் பெற வேண்டும்.

கேள்வி (திருப்பத்தூர், ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் வளர்ப்பவர்): ஐயா, நாட்டு நாய்களைக் கண்காட்சிப் பதிவேட்டில் சேர்த்தால் அழகுக்காக மட்டும் வளர்த்துக் கெடுத்துவிடுவார்கள் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்கிறார்கள். நாங்களே ஒரு தனிப் பதிவேடு தொடங்கினால் என்ன?

பதில்: வந்த கேள்விகளில் என் மனத்துக்கு மிகவும் நெருக்கமானது இதுதான். முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 2020இல் கர்னாலில் உள்ள தேசியக் கால்நடை மரபணு வளங்கள் நிறுவனம் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கர்நாடகத்தின் முதோல் ஆகிய மூன்றையும் இனங்களாகப் பதிவு செய்தது. அது இப்படி ஓர் இனம் இந்த மண்ணில் இருக்கிறது என்பதற்கான அரசு அங்கீகாரம். உங்கள் வீட்டு நாயின் தாய் தந்தையை அது பதியவில்லை. பலர் இதைக் காட்டி, அரசாங்கப் பதிவு பெற்ற குட்டி என்று விற்கிறார்கள். அப்படி ஒன்று கிடையாது.

உங்கள் பெரியவர்களின் அச்சம் நியாயமானது. ஆட்டு மந்தைகளை மேய்க்கும் பார்டர் கோலி நாய்களுக்காகப் பிரிட்டனில் 1906இல் மேய்ப்பர்களே ஒரு சங்கம் தொடங்கி ஏடு வைத்தார்கள். வேலையில் திறமை காட்டும் நாயை, வம்சம் தெரியாவிட்டாலும் தகுதியின் பேரில் சேர்த்துக்கொள்ளும் வழியை அந்த ஏடு வைத்திருக்கிறது. 1995இல் அமெரிக்கன் கென்னல் கிளப் அதே இனத்தை முழுமையாக ஏற்றபோது, வேலைக்கு நாய் வளர்த்தவர்களில் பலர், தோற்றத்தை வைத்துத் தேர்ந்தெடுத்தால் மேய்க்கும் அறிவு போய்விடும் என்று கடுமையாக எதிர்த்தார்கள். இரண்டு ஏடுகளும் இன்றும் அருகருகே நடக்கின்றன.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். வெளி நாய்களைச் சேர்ப்பதில்லை என்று ஒருமுறை மூடிய ஏட்டுக்குள் புதிய ரத்தம் வராது. டால்மேஷன் இனத்தில் ஏறத்தாழ எல்லா நாய்களுக்கும் சிறுநீரில் யூரிக் அமிலம் மிகுந்து கல் உண்டாகும் குறை இருந்தது. ராபர்ட் ஷைபிள் என்ற மரபியலாளர் 1973இல் ஒரு பாயின்டர் நாயோடு ஒரே ஒரு முறை கலந்து, பிறகு தொடர்ந்து டால்மேஷனோடே சேர்த்து, அந்தக் குறையற்ற வம்சவழியை உருவாக்கினார். அமெரிக்கன் கென்னல் கிளப் 1981இல் அவற்றில் இரண்டைப் பதிந்தது. இனச் சங்கத்தின் எதிர்ப்பால் நிறுத்தியது. 2011இல்தான் மீண்டும் கதவைத் திறந்தது. தூய்மை என்ற பெயரில் நோயைக் காத்த அந்த இடைப்பட்ட ஆண்டுகளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம் மேலிடுகிறது.

நம் வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிட்டுத்தன்மை வருவது உங்களுக்குத் தெரியும். நீங்கள் தொடங்கும் ஏட்டில் குட்டியின் கேட்கும் திறனுக்கு ஒரு பத்தி இருக்கட்டும். செவிட்டுக் குட்டியை மறைக்காமல் எழுதுபவரைக் குறை சொல்லாத பழக்கத்தை முதல் நாளிலிருந்தே உண்டாக்குங்கள். ஊரில் வம்சம் தெரியாத நல்ல நாய் இருந்தால், மூன்று பேர் நேரில் பார்த்து ஒப்புக்கொண்டபின் சேர்க்க வழி வையுங்கள். ஜவ்வாது மலை அடிவாரத்துப் பட்டிகளில் அத்தகைய நாய்கள் இன்னும் இருக்கின்றன. வேட்டை 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்பதால், வேலைத் திறனைக் காவலிலும் ஓட்டத்திலும் மட்டுமே சோதிக்க முடியும். ஒருவரே தலைவர், ஒருவரே வளர்ப்பவர், அவர் நாய்க்கு அவரே சான்று என்ற நிலை வந்தால் அந்த ஏட்டை வெளியூர்க்காரர் எவரும் மதிக்க மாட்டார்.

என் கருத்தைக் கேட்டால், தனி ஏடும் வைத்துக்கொள்ளுங்கள், கே.சி.ஐ.யிலும் பதியுங்கள். இரண்டு ஏடுகளிலும் ஒரே மைக்ரோசிப் எண் இருந்தால் ஒன்றில் சொன்ன பொய்யை மற்றொன்று காட்டிக்கொடுக்கும்.

கேள்வி (அணைக்கட்டு): டி.என்.ஏ. பரிசோதனை வந்துவிட்ட பிறகு பதிவேடு எதற்கு?

பதில்: தந்தை என்று சொல்லப்படும் நாயும் குட்டியும் முன்னால் இருந்தால் பரிசோதனை உறவை உறுதிசெய்யும், யாரைச் சோதிக்க வேண்டும் என்பதை ஏடுதான் சொல்லும். அமெரிக்கன் கென்னல் கிளப், வாழ்நாளில் ஏழு ஈத்துகளுக்கோ ஒரே ஆண்டில் மூன்றுக்கு மேற்பட்ட ஈத்துகளுக்கோ தந்தையாகும் நாய்க்கு டி.என்.ஏ. பதிவைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அதிகம் பயன்படும் ஆண் நாயிலிருந்து தொடங்கும் அந்த விதியை நம் நாட்டுப் பதிவேடுகளும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம்.

கேள்வி (சத்துவாச்சாரி, முதல்முறை நாய் வளர்ப்பவர்): ஐயா, ஐந்து வாரக் குட்டியாக பீகிள் வாங்கிவிட்டேன். சான்றிதழின் ஜெராக்ஸ் மட்டும் கொடுத்தார்கள். அசல் பிறகு வரும் என்றார்கள். மாதங்கள் ஆகின்றன. என்ன செய்வது?

பதில்: சகோதரி, 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கவே கூடாது, விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஆகவே தவறு உங்கள் பக்கம் இல்லை. குட்டியை மைக்ரோசிப் ரீடர் வைத்திருக்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்த் தேடச் சொல்லுங்கள். பதினைந்து இலக்க எண் கிடைத்தால் அதை ஜெராக்ஸில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டு, பதிவேட்டு அலுவலகத்துக்கு எழுதி, அந்த எண் யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். எண் பொருந்தினால் விற்றவரிடம் உரிமை மாற்றப் படிவத்தில் கையெழுத்து வாங்குவது மட்டுமே மீதி. சிப்பே இல்லையென்றாலோ எண் வேறாக இருந்தாலோ அந்தக் காகிதம் உங்கள் குட்டியுடையது இல்லை. பணம் கொடுத்ததற்கான ஆதாரம், அவர் அனுப்பிய செய்திகள், ஜெராக்ஸ் மூன்றையும் பத்திரப்படுத்தி, பதிவேட்டுக்கும் விலங்குகள் நல வாரியத்துக்கும் புகார் அனுப்புங்கள். சத்துவாச்சாரியில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகவும் உங்களுக்கு உரிமை உண்டு. தடுப்பூசி அட்டையை மட்டும் இதற்காகக் காத்திராமல் இன்றே சரிபார்த்துவிடுங்கள். ஐந்து வாரத்தில் தாயைப் பிரிந்த குட்டிக்குப் பார்வோ என்ற வைரஸ் நோய் வரும் ஆபத்து அதிகம்.