கடல் கயாக் வழிகாட்டி வேலையைக் காலம் முழுக்கச் செய்ய முடியுமா? தோள் தாங்குமா?

கேள்வி: ஏரியில் இரண்டு வருடமாகக் கயாக் ஓட்டுகிறேன். துடுப்புப் போடுவதுதான் உயிர். ராமேஸ்வரம் பக்கம் கடல் கயாக் வழிகாட்டியாகப் போக ஆசை. தோள் பத்து வருடம்கூடத் தாங்காது என்கிறார்களே?

பதில்:

தாராளமாகத் தாங்கும். தோளைக் கெடுப்பது கடல் இல்லை, கையால் இழுக்கும் பழக்கம். ஏரியில் மட்டும் ஓட்டியவர் என்றால் நீங்களும் அநேகமாகக் கையால்தான் இழுப்பீர்கள். எதிர்காற்றில் மூன்று மணி நேரம் போனால் அது வெளிச்சமாகிவிடும்.

துடுப்பின் இலையைக் கால் விரல்களுக்கு நேராக முழுசாக முக்குங்கள். அதே பக்கத்துக் காலால் மிதியை உதைத்து, இடுப்புக்கு மேல் உடம்பைத் திருப்புங்கள். இலை இடுப்புக்கு வந்ததும் வெளியே எடுத்துவிட வேண்டும். அதற்கு மேலும் இழுத்தால் முழங்கை முதுகுக்குப் பின்னால் போகும். தோள் சுலபமாகக் கழலுகிற நிலைகளில் அது ஒன்று. அலை பக்கவாட்டில் தூக்கும்போது துடுப்பைத் தலைக்கு மேலே கொண்டுபோய் ஊன்றுவது இன்னொன்று. கை கண் மட்டத்தைத் தாண்டக் கூடாது. மணிக்கட்டு வலித்தால் பிடியைத் தளர்த்துங்கள். தள்ளுகிற கையின் விரல்கள் விரிந்திருந்தாலும் துடுப்பு எங்கும் போய்விடாது. ஐந்து மீட்டர் நீளம், 55 முதல் 60 செ.மீ. அகலமுள்ள கடல் கயாக்குக்கு 210 முதல் 220 செ.மீ. துடுப்பு பெரும்பாலானவர்களுக்குப் போதும். 240 செ.மீ. துடுப்பெல்லாம் அகலமான படகுக்கு.

ஆனால் வழிகாட்டி வேலை என்பது துடுப்புப் போடுவது மட்டும் இல்லை. கவிழ்ந்தவரைத் திரும்பப் படகில் ஏற்றத் தெரிந்திருக்க வேண்டும். ‘ரோல் (கவிழ்ந்த படகைத் துடுப்பாலும் இடுப்பாலும் உட்கார்ந்தபடியே நிமிர்த்துவது) தெரிந்தால் போதாதா’ என்று கேட்க ஆள் வருவார்கள். ரோல் உங்களைக் காப்பாற்றும், உங்களை நம்பி வந்தவரைக் காப்பாற்றாது.

கவிழ்ந்தவர் தன் படகை விடவே கூடாது. காற்றில் காலிப் படகு நீந்துகிறவரைவிட வேகமாக ஓடிவிடும். அதன் அணியத்தை, அதாவது முன்முனையைப் பிடித்து, குப்புற இருக்கிறபடியே உங்கள் மடிக்குக் குறுக்கே இழுங்கள். அவர் பின்முனையை அமுக்கினால் சுலபமாக ஏறும். சில நொடியில் தண்ணீர் வடிந்ததும் நிமிர்த்தி இறக்கி, அவர் அணியம் உங்கள் பின்பக்கம் பார்க்க, இரண்டு படகையும் ஒட்டி நிறுத்துங்கள். துடுப்புகளைப் படகின் மேல்புறக் கயிற்றுக்கு அடியில் செருகிவிட்டு, நீங்கள் அவர் படகின் காக்பிட் (உட்காரும் குழி) விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து உடம்பின் பாரம் முழுக்க அதன் மேல் சாய வேண்டும். பாதிப் பாரம் போட்டால் அவர் ஏறும்போது இரண்டு படகும் சேர்ந்து புரளும். அவர் ஒரு காலைக் காக்பிட்டுக்குள் கொக்கிபோல் மாட்டி, குப்புற உருண்டு ஏறித் திரும்பி உட்காரட்டும். மிச்சத் தண்ணீரைப் பம்பால் இறைத்து, ஸ்ப்ரே ஸ்கர்ட்டை (தண்ணீர் உள்ளே வராமல் இடுப்பைச் சுற்றிக் காக்பிட்டை மூடும் துணி) மாட்டிய பிறகுதான் கையை எடுக்க வேண்டும். பழகிய இருவருக்கு இரண்டு நிமிட வேலை. காக்பிட்டுக்கு முன்னும் பின்னும் தடுப்புச் சுவர் இல்லாத படகில் இது நடக்காது. உள்ளே முழுக்கத் தண்ணீர் ஏறியதை ஒருவரால் தூக்க முடியாது.

கிளம்பும் முன் ஒவ்வொருவரின் ஸ்கர்ட்டிலும் முன் வார் வெளியே தொங்குகிறதா என்று நீங்களே தொட்டுப் பாருங்கள். அது உள்ளே மாட்டியிருந்தால், தலைகீழாக இருக்கும்போது கழற்றப் பிடி கிடைக்காது.

காற்று விஷயம் ராமேஸ்வரத்தில் தனிப் பாடம். வடக்கிலிருந்து வாடை வீசும் காலத்தில் தெற்கே ஆண்கடல் (மன்னார் வளைகுடா) அடங்கியிருக்கும். தெற்கிலிருந்து சோழகம் வீசும் ஜூன், ஜூலையில் வடக்கே பெண்கடல் (பாக் விரிகுடா) கரையோரம் குளம் மாதிரி கிடக்கும். புதியவர்கள் ஏமாறுவது இந்த இரண்டாவதில்தான். காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிப்பதால்தான் அந்த அமைதி. அரை கிலோமீட்டர் உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால், எதிர்காற்றில் கரைக்கு வரக் கையில் பலம் இருக்காது. அந்த மாதங்களில் கரையை ஒட்டியே ஓட்டுங்கள், முதல் பாதியைக் காற்றுக்கு எதிராக வையுங்கள். கரையில் நிற்கும் மீனவரிடம் காற்றும் நீவாடும் (கடல் நீரோட்டம்) கேட்க வெட்கப்படாதீர்கள். கடலோரக் காவல் படையின் 1554 எண்ணைக் கையோடு வைத்திருங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும், மனசு கேட்கவில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் அவற்றில் இறங்கக் கூடாது. படத்துக்காக ஆட்களை இறக்கிவிடும் வழிகாட்டிகள் இருக்கிறார்கள். அலை வற்றிய நேரத்தில் பவளத்தின் மேல் படகை இழுத்தால் அடிப்பக்கம் கீறும், பவளம் முறியும். வாடிக்கையாளர் எவ்வளவு கெஞ்சினாலும் இறக்காதீர்கள்.

படகைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. மணலிலிருந்து தள்ளும்போது ஸ்கெக் (படகு நேராகப் போக அடியில் இறக்கும் துடுப்புச் செதில்) இருக்கும் பெட்டிக்குள் மணல் அடைத்துக்கொள்ளும், கடலில் இறங்கியதும் ஸ்கெக் வராது. அதன் நுனியில் துளை போட்டு ஒரு சாண் கயிறு கட்டி வைத்தால், பக்கத்துப் படகுக்காரர் இழுத்துவிடலாம். பிளாஸ்டிக் கயாக்கை நம் வெயிலில் காரின் மேல் இறுக்கிக் கட்டாதீர்கள், அடிப்பக்கம் குழிந்துவிடும். நிறுத்தி வைக்கும்போது ஹேட்ச் (சாமான் வைக்கும் அறை) மூடியைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், உள்ளே சூடான காற்று மூடியைத் தள்ளிவிடும்.